எண் 214: பழைய சீட்டு ஒன்று

உத்திரமேரூர்,
2.6.1999

அன்புள்ள டிராயிங் மாஸ்டர் சாமுவேல் அவர்களுக்கு வேதாசலம் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் கோவிந்தம்மாளும் சுகம். நாக்பூரில் உங்கள் மகன் பிரகாஷ் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக ஒரு கார்டு கூடப் போடாத மனுஷன் திடீரென்று சுகம் விசாரிக்கிறானே என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனது நீங்கள்தான், நான் இல்லை. முகவரியை உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினேன்.

நம் வரலாற்றுக் காட்சியகம் நெல் கிடங்கை விட்டு நூலகத்து மாடிக்கு வந்துவிட்டது. இந்தக் கூரை ஒழுகவில்லை. கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவர் மாடி ஏறி வந்து, உரலையும் விளக்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறார். பின்னறையில் இப்போது நான் ஒருவன்தான். பொருளுக்கு எண் போடுவது, பதிவேட்டில் ஏற்றுவது, காகிதங்களை உறையில் போட்டு வேப்பிலை வைப்பது எல்லாம் என் தலையில். பானை ஓட்டில் அழகாக எண் எழுத உங்கள் கை இல்லை, என் கோழிக் கிறுக்கலிலேயே எழுதிவைக்கிறேன். “ரிட்டையர் ஆயிட்டும் காயிதத்தையே கட்டிக்கினு அழுவுறீங்களே, இன்னா வாழ்க்கை இது” என்று கோவிந்தம்மாள் தினமும் அர்ச்சனை செய்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பெருநகர் எல்லப்பனை நினைவிருக்கிறதா? செய்யாற்றுப் பக்கம் ஊர்க் கோடியில் இருளர் குடியிருப்பு. மூன்று வருஷத்துக்கு முன் நாம் இருவரும் சைக்கிளில் ஊர் ஊராகப் பழம்பொருள் தேடிப் போனபோது, கூரையில் செருகியிருந்த மூங்கில் குழாயிலிருந்து ஒரு சீட்டை உருவிக் காட்டினானே, அவன்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அவனுடைய கொள்ளுத் தாத்தாவுக்கு வனத்துறை கொடுத்தது. காப்புக்காட்டில் தேனும் ஆவாரம்பட்டையும் எடுக்கலாம் என்று அனுமதி. கொடுக்க அவனுக்கு மனசில்லை. “வூட்ல வச்சா செல்லரிச்சிப் பூடும்பா, எங்ககிட்ட இருந்தா ஆயுசுக்கும் பத்திரம்” என்று பேசிப் பேசி நான்தான் வாங்கினேன். எண் 214 போட்டு உறையில் வைத்தோம்.

அந்த எல்லப்பன் நேற்று முன்தினம் காட்சியகத்துக்கு வந்தான். கூட மகள் வள்ளியம்மா. அந்தப் பெண் பன்னிரண்டாவதில் எண்ணூற்று எழுபத்தொரு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்தக் குடியிருப்பில் இவ்வளவு தூரம் வந்த முதல் பிள்ளை. ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட்டிருக்கிறாள், இம்மாதம் முப்பதாம் தேதி நேர்காணல். பழங்குடி என்று சாதிச் சான்று காட்டினால்தான் இடம். அவர்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் சான்று கிடையாது, பள்ளிக்கூடம் போயிருந்தால்தானே. பழைய ஆதாரம் ஏதாவது உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டிருக்கிறார். அந்தச் சீட்டில் கொள்ளுத் தாத்தாவின் பேருக்குப் பக்கத்தில் ‘இருளர்’ என்று எழுதியிருப்பதை அன்றைக்கு நீங்கள்தான் படித்துச் சொன்னீர்களாம். அதை மறக்காமல் வந்திருக்கிறான்.

“எங்க சீட்டு உங்கையில பத்திரமாத்தான கீது, ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க சார், காட்டிட்டுத் திருப்பிக் கொணாந்துடறேன்” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னபடி எவ்வளவு உபயோகமாயிற்று என்று அவனிடமே சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். 214 என்ற உறை இருந்தது. உள்ளே காய்ந்த வேப்பிலை நாலு இருந்தது. சீட்டு இல்லை.

மாஸ்டர், எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்ததோ தெரியவில்லை. “சென்னைக்கு மருந்து போட அனுப்பியிருக்கோம், வந்ததும் தரேன்” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சரி சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் படம் வரையவோ படியெடுக்கவோ அதை வெளியே எடுத்தீர்களா? எடுத்து வேறு உறையில் வைத்தீர்களா? கொஞ்சம் யோசித்து உடனே ஒரு வரி எழுதுங்கள். பழைய மனஸ்தாபம் எதையும் இதில் கலக்க வேண்டாம்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வேதாசலம்


உத்திரமேரூர்,
11.6.1999

சாமுவேல் மாஸ்டர் அவர்களுக்கு,

ஒன்பது நாள் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. நாக்பூருக்கும் நமக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

அறுநூற்றுப் பதினோரு உறையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டேன். ஓலைச்சுவடிப் பெட்டி, நாணயப் பெட்டி, பரணில் கிடக்கும் உடைந்த பல்லக்குக் கொம்புக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்தாயிற்று. தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு அறையில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எவன் வந்து எந்த வருஷத்துக் கட்டைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் எடுத்து நீட்டுவேன். என் கையில் ஒரு காகிதம் தொலைந்தது என்று ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம்.

எல்லப்பன் மூன்று தடவை வந்துவிட்டான். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறான். மாடிக்கு ஏறி வருவதில்லை, கீழே படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இறங்கும்வரை காத்திருக்கிறான். “வந்துச்சா சார்?” அவ்வளவுதான் கேட்கிறான். நேற்று மகளை மட்டும் அனுப்பியிருந்தான். அவள் நோட்டும் பேனாவுமாக வந்து, “மெட்ராஸ்ல எந்த ஆபீசுன்னு அட்ரஸ் எழுதிக் குடுங்க சார், நானே போய் வாங்கிக்கினு வரேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்” என்றாள். நான் அட்ரசுக்கு எங்கே போவேன்? நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வயதுக்கு ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயந்து ஒளிகிறேன். வெட்கமாக இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சீட்டு உங்களிடம்தானே இருக்கிறது? அதன் மேல் உங்களுக்கு ஒரு கண் இருந்தது எனக்குத் தெரியும். அந்த ஆங்கில எழுத்தின் வளைவு நெளிவை எத்தனை தடவை புகழ்ந்திருக்கிறீர்கள், இப்படி எழுத இன்றைக்கு ஆள் இல்லை என்று. டிசம்பரில் நமக்குள் சண்டை வந்தது. வேண்டாத காகிதத்தைக் கழிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு துண்டைக் கூடக் கழிக்கக் கூடாது, இது தாலுகா ஆபீஸ் இல்லை என்று நீங்கள் குதித்தீர்கள். ரெக்கார்டு வேலையை எனக்கே சொல்லித்தருகிறீரா என்று நானும் கத்தினேன். நீங்கள் உங்கள் கறுப்புக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனீர்கள். அந்தக் கோப்பில் என்ன இருந்தது? நல்ல எண்ணத்தில் எடுத்துப் போயிருந்தாலும் சரி, என் மேல் உள்ள ஆத்திரத்தில் எடுத்துப் போயிருந்தாலும் சரி, திருடியது திருடியதுதான்.

என்னை நாலு பேர் நடுவில் நிற்கவைத்துத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் கை வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன் நீங்கள். பதிவுத் தபாலில் போட்டு அனுப்புங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
வே. வேதாசலம்


உத்திரமேரூர்,
20.6.1999, ஞாயிறு

என் அருமை மாஸ்டர்,

இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போகும் தம்பி பிரகாஷுக்கும் என் வணக்கம்.

பிரகாஷின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பிப்ரவரியிலேயே உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். என் இரண்டு கடிதத்தையும் உங்களுக்குப் படித்துக் காட்டினாராம். இரண்டாவதைப் படிக்கும்போது நீங்கள் கண்ணில் நீர் வழியக் கிடந்தீர்களாம். கறுப்புக் கோப்பைத் தேடிப் பார்த்ததில் உரல், விளக்கு, பானைப் படங்களைத் தவிர ஒன்றும் இல்லை என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். என்னைச் செருப்பால் அடிப்பது போல எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்லுங்கள். படுக்கையில் கிடந்த உங்களைத் திருடன் என்று எழுதினேனே, நான் மனுஷனா? பதில் வரவில்லை என்றதும் உடம்புக்கு என்னவோ என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? கோவிந்தம்மாள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்னும் கேளுங்கள். சீட்டைத் தொலைத்தது நான்தான்.

நாம் சண்டை போட்ட அந்த நாளுக்கு முந்தின வாரம் பேய் மழை அடித்தது இல்லையா, கிடங்குக் கூரை ஒழுகி அலமாரி நனைந்து, காகிதங்களையெல்லாம் உறையிலிருந்து எடுத்துக் கயிறு கட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பில் காயவைத்தோம். பாதிக் காகிதத்தில் எண் சீட்டு ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டது. அதனதன் உறையில் சேர்ப்பதற்குள் நமக்குள் சண்டை. நீங்கள் வெளியே போனதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பார்க்கிறேன், இவரில்லாமல் ஒரே மத்தியானத்தில் முடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். எண் இருப்பதை உறையில் போட்டேன். எண் இல்லாததைத் திருப்பிப் பார்த்து, படிக்க முடிந்ததை ஒரு பக்கம் வைத்தேன். முடியாததைக் கழிவில் தள்ளினேன். தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் அப்படித்தான் செய்வோம். நீலப் பென்சிலால் ஒரு கோடு, பிறகு சாக்கு, பிறகு பழைய பேப்பர் கடை. கை தானாகப் போகும், மூளைக்கு அதில் வேலையே இல்லை. முப்பத்துநாலு வருஷப் பழக்கம் மாஸ்டர்.

ஆனால் கழிவுக்குப் போவதற்கும் பட்டியல் எழுதிவைப்பதுதான் முறை. அந்த முறையையும் நான் விடவில்லை. வியாழக்கிழமை பழைய நோட்டு ஒன்றைப் புரட்டும்போது அந்தப் பட்டியல் கிடைத்தது. முப்பத்தெட்டாவது வரியில் என் கையெழுத்தில் இருக்கிறது. ‘மை பரவிய ஆங்கில வனத்துறைப் படிவம், எண் இல்லை, தேவையில்லை.’ கீழே என் கையொப்பம், தேதியோடு. யார் மேலும் பழி போட முடியாதபடி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உடனே பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “டிசம்பர்ல போட்டதை ஜூன்ல வந்து கேக்கறீங்களே, அது மில்லுக்குப் போய்க் கூழாகி, புதுக் காயிதமாவே வந்திருக்கும் சார்” என்றார். அப்படியும் விடாமல் அவர் கடைக் கோடியில் இருந்த மூட்டைகளைப் பிரித்துக் கிளறினேன். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளும் கல்யாணப் பத்திரிகையும்தான் வந்தன.

பதிவேட்டிலாவது விவரம் இருக்குமா என்று பார்த்தேன். எண் 214, பழைய சீட்டு ஒன்று, கொடுத்தவர் எல்லப்பன், பெருநகர். இவ்வளவுதான். ஒவ்வொரு காகிதத்திலும் உள்ளதை வரி விடாமல் எழுதிவைக்க வேண்டும் என்று நீங்கள் தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள். இன்னா மாஸ்டர், பரீட்சையா எழுதப்போறோம் என்று கேலி செய்தேன். ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, வேட்டி கட்டிக்கொண்டு, நேராக விசாரணை அதிகாரி முன்னால் போய் நின்றேன். ஓய்வுபெற்ற ரெக்கார்டு கிளார்க், இந்தக் குடும்பத்தின் ஆதாரத்தை நான்தான் குப்பையில் போட்டேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அந்தப் பெண்ணுக்குச் சான்று கொடுங்கள் என்றேன். சின்ன வயதுக்காரர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உங்கள் வார்த்தையை மட்டும் வைத்து எழுத முடியாது சார் என்றார். ஆனால் அந்தக் காலத்தில் இப்படிச் சீட்டு கொடுத்தால் சீட்டில் உள்ள விவரத்தோடு அடிக்கட்டைப் புத்தகம் ஒன்று ஆபீசில் தங்கும், அது சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம், பெயரும் ஏறக்குறைய வருஷமும் தெரிந்தால் ஒரே நாளில் ஆள் வைத்துத் தேடச் சொல்கிறேன் என்றார். அவருடைய அறிக்கை இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை போயாக வேண்டும். வருஷம் 1917-ஐ ஒட்டி என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பெயர் தெரியவில்லை.

எல்லப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நேற்றுக் காலையில் பெருநகருக்குப் பஸ் ஏறினேன். குடிசை வாசலில் அவரும் அவர் மனைவியும் வள்ளியம்மாவும் இருந்தார்கள். சென்னைக்கு அனுப்பியதாகச் சொன்னது பொய், நான்தான் கழித்துப் போட்டுவிட்டேன் என்று நின்றபடியே சொன்னேன். வள்ளியம்மா, “நாங்க படிக்கத் தெரியாமத்தான் சார் படிச்சவங்க உங்ககிட்ட குடுத்தோம். நீங்களும் படிக்காமலே தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

கொள்ளுத் தாத்தா பெயர் என்ன என்று எல்லப்பனைக் கேட்டேன். “காட்டுத் தாத்தான்னுதான் சார் எங்கப்பன் சொல்லுவாரு. எங்கப்பன் நான் சின்னப் பையனா இருக்கச் சொல்லவே பூட்டாரு. அந்த மாஸ்டரு அன்னிக்குப் பேரைப் படிச்சாரு சார், நான் காது குளிரக் கேட்டேன். மூணு வருசமா மனசுல வச்சிக்கினுதான் இருந்தேன், இப்ப நழுவிக்கினு பூடுச்சு. சீட்டுதான் உங்கையில கீதே, பேரு எங்க போயிடும்னு இருந்துட்டேன்” என்றார். சொல்லிவிட்டு, நான் அழுவதைப் பார்த்து, “வுடு சார், நீ இன்னா வேணும்னா செஞ்ச” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதைத் தாங்க முடியவில்லை மாஸ்டர். திரும்பி வருகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

அன்றைக்கு நீங்கள் படித்தபோது நான் அங்கே இல்லை. சைக்கிள் டயரில் காற்று இறங்கிவிட்டது என்று தெருக்கோடிக்குப் போயிருந்தேன். பிறகு சீட்டைக் கையில் வாங்கியபோதும் நான் படிக்கவில்லை. கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் மடித்துப் பையில் வைத்தேன். எனவே அந்தப் பெயரைக் கண்ணால் பார்த்து வாயால் சொன்னவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் இடது கை லேசாக அசைகிறது என்று பிரகாஷ் எழுதியிருக்கிறார். தட்டைத் தள்ளிவிடுகிறீர்களாம், போர்வையை இழுத்துக்கொள்கிறீர்களாம். மாஸ்டர், அந்தக் கையில் ஒரு பென்சிலைப் பிடித்துப் பாருங்கள். எழுத வேண்டாம், எழுத வராது. வரையுங்கள். அந்தச் சீட்டில் பெயர் எப்படி இருந்ததோ, எந்த எழுத்தில் வால் நீண்டதோ, எது சுழித்துக்கொண்டு போனதோ, அதை ஒரு படமாக வரையுங்கள். கோணலாக வரட்டும். பாதி வரட்டும். முதல் எழுத்து ஒன்று வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு அந்த அதிகாரியின் காலில் விழுகிறேன். உங்களை இந்த நிலையில் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களிடம் எதையும் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும். வேறு யாரிடம் போவேன்?

தம்பி பிரகாஷ், இதை நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். அப்பாவை வருத்த வேண்டாம். முகம் வாடினால் நிறுத்திவிடுங்கள். ஏதாவது வந்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. கடை எண்ணை உறையின் மேல் எழுதியிருக்கிறேன், அதற்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புதன்கிழமையிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து கடை மூடும்வரை நான் அங்கேயே இருப்பேன். எல்லப்பனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கூலி போகும், வீட்டில் இருங்கள், நான் வந்து சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. போனை அவர் காதில்தான் முதலில் வைக்க வேண்டுமாம்.

மாஸ்டர், உங்கள் ஆண்டவர் அந்த ஒரு கைக்காவது பலம் கொடுக்கட்டும். கோவிந்தம்மாளும் விளக்கேற்றி அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

என்றும் உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
வேதாசலம்